மீந்த சுண்ணாம்பு

என் கணவர் மொழிபெயர்த்த நாவலில், மூலத்தில் இல்லாத ஒரு பக்கம் இருக்கிறது. அதை எனக்குச் சொன்னது சிதம்பரத்தில் எம்.ஏ. படிக்கும் ஒரு மாணவி. அப்போது என் கணவர் இறந்து இரண்டாவது மழைக்காலம் தொடங்கியிருந்தது.

அவர் பெயர் மரிய அருள். கடலூர் துறைமுகம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவர். எங்கள் பக்கம் அப்படிப் படித்தவர்கள் நிறையப் பேர் உண்டு. மார்க் நிறைய வரும் என்று எடுப்பார்கள், பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார்கள். இவர் மறக்கவில்லை. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் கவுன்டருக்குள் உட்கார்ந்து, பழைய அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு எதையாவது தமிழில் எழுதிக்கொண்டிருப்பார். பெரும்பாலும் சின்னச் சின்னக் கதைகள். முழு நாவல் என்று செய்தது ஒன்றுதான். அதற்கு அவர் வைத்த தமிழ்ப் பெயர் ‘நீர்க்கதவு’.

பனி பெய்யும் ஒரு நாட்டில், கால்வாயின் மதகைத் திறந்து மூடும் வேலை பார்க்கும் ஒருவன், அவன் மனைவி. ஒரு வெள்ளத்தில் அவர்களுடைய மகன் காணாமல் போகிறான். பல வருடம் கழித்து, தன் பெயரே நினைவில்லாத ஓர் இளைஞன் வந்து கதவைத் தட்டுகிறான். அவள் அவனை மகன் என்கிறாள். மகனின் சிறுவயதுச் சம்பவங்களை அவனுக்குச் சொல்கிறாள். சொல்லச் சொல்ல, அவன் அவற்றைத் தன் நினைவுகளாகவே திருப்பிச் சொல்ல ஆரம்பிக்கிறான். தகப்பன் ஒன்றும் பேசுவதில்லை. வந்தவன் மகன்தானா இல்லையா என்பதை நாவல் கடைசிவரை சொல்வதில்லை.

இந்தப் புத்தகத்தை ஏன் எடுத்தீர்கள் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் நான் அடுப்படியில் இருக்கும்போது, அன்றைக்கு எழுதியதை வாசலில் நின்று படித்துக் காட்டுவார். நான் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர். எனக்குப் புரிந்தால் எல்லோருக்கும் புரியும் என்பது அவருடைய கணக்கு.

“பெலி, கதவுல படிஞ்சிருக்கறது பாசின்னு போட்டா போதுமா?”

“பாசின்னா பாசிதான்.”

“அந்த ஊரு பாசி வேற மாதிரி இருக்கும்டி.”

“நீங்க போய் தடவிப் பாத்தீங்களா?”

“போட்டோல பாத்தேன்.”

கால்வாய்க் கரையில் நிற்கும் ஒரு மரத்துக்காக ஒரு வாரம் திண்டாடினார். வேப்பமரம் என்று போட்டுவிட்டால் என்ன, படிக்கிறவர்களுக்குக் கண்ணில் தெரியுமே என்றேன். கோபம் வந்துவிட்டது. “அவுங்க ஊர்ல எது நிக்குதோ அதத்தான் வைக்கணும். நம்ம வேப்பமரத்தத் தூக்கிட்டுப் போய் அங்க நட்டா, அது பொய்யி.”

அப்படி அந்த நாவல் முழுவதையும் நான் காதால் கேட்டிருந்தேன். அச்சாகி வந்தபோது அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தேன். கேட்டதை மறுபடி படிப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் மகள் ஜெனிட்டா. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அதிகாலைப் பூசை முடிந்து, என் நாத்தனார் குடும்பத்தோடு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனாள். நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். புதுக் கவுனில் மண் படக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்குக் கடல் வந்தது எல்லோருக்கும் தெரியும். நாத்தனார் குடும்பம் திரும்பி வந்தது. அவள் வரவில்லை.

அவர்தான் தேடினார். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடங்கள், மொத்தமாகப் புதைத்த இடங்கள் என்று எல்லாவற்றுக்கும் போனார். என்னை எங்கும் கூட்டிப்போகவில்லை. சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று, “இல்ல பெலி” என்பார். நான் அதை நல்ல சேதியாக எடுத்துக்கொண்டேன். அங்கே இல்லை என்றால் வேறெங்கோ இருக்கிறாள். யாரோ தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், ஊர் பெயர் சொல்லத் தெரியாமல் எங்கோ வளர்கிறாள். அப்படி நம்பியவள் நான் ஒருத்தி மட்டுமில்லை. அந்த வருடம் எங்கள் கரையோரம் முழுக்க அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள்.

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் இறந்தவர்களுக்கு ஒரு மன்றாட்டு உண்டு, தூரத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று உண்டு. ஜெனிட்டா பெயரை நான் தூரத்தில் இருப்பவர்களோடு சொல்வேன். அவர் “ஆமென்” என்பார். நவம்பர் மாதம் கல்லறைத் திருநாளுக்கு முன்பு, வீட்டில் இறந்தவர்களின் பெயர்களைக் கோயிலில் கொடுப்போம். சாமியார் அவற்றைப் பூசையில் வாசிப்பார். ஒரு வருடம் என் கணவர் மெதுவாக, “அவ பேரையும் குடுத்துடலாமா?” என்றார். நான் கையிலிருந்த பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன். அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை.

சிதம்பரத்திலிருந்து எழிலன் என்ற பேராசிரியர் போன் செய்தார். இளவயதுக்காரர் என்று குரலிலேயே தெரிந்தது. ‘நீர்க்கதவு’ அவர் வகுப்பில் பாடமாக இருக்கிறதாம். அதிலுள்ள அடையாளம், நினைவு, உண்மை பற்றி மாணவர்கள் எழுதியிருக்கிறார்களாம். நான் வந்து கேட்க வேண்டும், கூடவே புதுப் பதிப்பு பற்றி ஒரு விஷயம் பேச வேண்டும் என்றார். கேட்பது எனக்குப் பழக்கமான வேலை. போனேன்.

வகுப்பில் என்னை முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஒரு பெண் டீ கொண்டுவந்து கொடுத்தாள். எழிலன் எழுந்து, “எல்லாரும் நல்லா எழுதியிருக்காங்கம்மா. சில பேரு காப்பியும் அடிச்சிருக்காங்க” என்று கடைசி பெஞ்சைப் பார்த்தார்.

“சார், காப்பி இல்ல சார்” என்று அங்கிருந்து ஒரு குரல். இளவரசு என்று பெயர். “நானும் ஹாஜிராவும் ஒரே மாதிரி யோசிச்சிட்டோம்.”

“தப்பு கூட ஒரே எடத்துல யோசிச்சிருக்கீங்களேடா.”

“நான் யோசிச்சது சார். அவன் எட்டிப் பாத்தது” என்றாள் ஹாஜிரா. எனக்கு டீ கொடுத்த பெண் அவள்தான்.

சிரிப்பு அடங்கியதும் இளவரசுவையே முதலில் பேசச் சொன்னார். அவன் தாளைப் பார்க்காமல் பேசினான்.

“அந்தப் பையனுக்கு நெனவு இல்ல. அந்தம்மா சொல்றத வாங்கி வெச்சிக்கறான். நம்ம மட்டும் என்னா சார்? மூணு வயசுல நான் கெணத்துல எட்டிப் பாத்து உழப் பாத்தேன்னு எங்கம்மா சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே அந்தத் தண்ணி கண்ணுல தெரியுது. மேல ஒரு செத்த எல மெதக்கறது கூட தெரியுது. போன மாசம் எங்க மாமா வந்தாரு. அந்தக் கெணறு நீ பொறக்கறதுக்கு முன்னாடியே தூத்து மூடியாச்சேடான்றாரு.”

“அப்ப நீ யாரு மச்சான்?” என்றது பக்கத்து பெஞ்சு.

“அதான்டா கேள்வியே. அதத்தான் நாலு பக்கம் எழுதியிருக்கேன்.”

நானும் சிரித்தேன். அவர் இருந்திருந்தால் இந்தப் பையனை ரயில் நிலையத்துக்கு வரச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன்.

ஹாஜிரா பரங்கிப்பேட்டைப் பெண். தயங்கித் தயங்கிப் பேசினாள். அவளுடைய மாமா கப்பலில் வேலை பார்த்தவர், கடலில் போய்விட்டார், உடம்பு வரவில்லை. “எங்க ஊர்ல அப்படி ஆனா காயிப் ஜனாஸான்னு தொழுவாங்க. மய்யித்து, அதான் செத்தவங்க உடம்பு, முன்னாடி இருக்காது. இருக்கறதா வெச்சுத் தொழுவாங்க. அதுவரைக்கும் எங்க மாமி கண்ணுல தண்ணியே வரல. எல்லாருக்கும் சோறு போட்டாங்க, போன் வந்தா ஓடிப் போய் எடுத்தாங்க. தொழுது முடிச்சாங்கன்னு சேதி வந்தப்புறம்தான் அழுதாங்க. இந்த நாவல்ல அந்தம்மாவுக்கு அப்படி ஒண்ணு யாரும் செய்யல. அதனாலதான் யாரு வந்தாலும் மகனாத் தெரியுதுன்னு எழுதியிருக்கேன்.”

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

அடுத்து எழுந்தவள்தான் அருள்மொழி. கடலோரம் இருக்கும் கிள்ளையிலிருந்து தினமும் வந்து போகிறவள். ஒல்லி, தீர்க்கமான குரல். அவளுக்கு உண்மை பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள்.

“அம்மா, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது” என்று என்னைப் பார்த்து ஆரம்பித்தாள். “நான் இத இங்கிலீஷ்லயும் படிச்சேன். தமிழ்ல வரிக்கு வரி அவ்ளோ சரியா இருக்கு, இங்கிலீஷ விடவே நல்லா இருக்கு. ஆனா பதினெட்டாம் அத்தியாயத்துல ஒரு பக்கம் இடிச்சுது. பாண்டிச்சேரில ஒரு பிரண்டு பிரெஞ்சு படிக்கறா. அவளையும் மூலத்தப் பாக்கச் சொன்னேன். அந்தப் பக்கம் அதுலயும் இல்ல.”

மூலத்தில், தகப்பன் வருடத்துக்கு ஒருமுறை ஊர்க் கல்லறையின் வாசல்வரை போகிறான். வெளியிலேயே நின்றுவிட்டுத் திரும்புகிறான். அந்தக் காட்சி எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவர் அதைப் படித்துக்காட்டிய அன்று நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றான், திரும்பினான், அத்தியாயம் முடிந்தது என்றார்.

“ஆனா புத்தகத்துல முடியல” என்று சொல்லி அருள்மொழி வாசித்தாள்.

‘அன்று அவன் வாசலோடு திரும்பவில்லை. உள்ளே போனான். மதிலோரம் ஒரு சின்னக் கல்லறை இருந்தது. அதன் சிலுவைக்கு ஒரு கை உடைந்திருந்தது. வாளியில் மீந்திருந்த சுண்ணாம்பை அதற்குப் பூசினான். உடைந்த கைக்கும் பூசினான். தலைமாட்டில் சம்மங்கிப் பூ வைத்தான். கல்லில் மகனின் பெயர் இருந்தது. கீழே பிறந்த தேதி மட்டும் இருந்தது. மற்றதை அவள் சொல்ல வேண்டும். அவள் சொல்லும்வரை அந்த இடம் அப்படியே இருக்கும். அவன் அவளிடம் கேட்கமாட்டான்.’

“பனி பேயற ஊர்ல சம்மங்கி எப்படி பூத்துச்சு?” என்றாள் அருள்மொழி.

“சுண்ணாம்பு கூட கடலூர்லேருந்துதான் லாரில போயிருக்கும்” என்றான் இளவரசு. சிரித்தார்கள். எழிலன் கையைக் காட்டி அடக்கினார்.

“பூ கூட பரவால்ல” என்று அவள் தொடர்ந்தாள். “பையனுக்குக் கல்லறை இருக்குன்னா பையன் செத்துட்டான். அப்ப வந்தவன் யாரோ ஒருத்தன். அந்தம்மா ஏமாந்துட்டாங்க, அவ்ளோதான். நாவல் அத எங்கயும் சொல்லல. சொல்லாம இருக்கறதுலதான் அது நிக்குது. இந்த ஒரு பக்கம் அத ஒடச்சிடுது. மொழிபெயர்ப்பாளருக்கு அந்த உரிமை இல்ல. இது பொய்னுதான் எழுதியிருக்கேன். இல்லன்னா கவனக்குறைவு.”

“கவனக்குறைவா இருக்காது” என்றேன். பிறகு, “அந்தப் பக்கத்த இன்னொரு தடவ படிம்மா” என்றேன்.

அவள் படித்தாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஏன் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. என் முகத்தைப் பார்த்திருப்பார்கள்.

பதிப்பாளர் அடுத்த பதிப்பு போடுகிறார், அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு மூலத்தில் உள்ளபடி வைக்க என் சம்மதம் வேண்டும் என்று எழிலன் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துகொண்டேன்.

பஸ் ஸ்டாண்டுவரை அருள்மொழி கூட வந்தாள். என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். மேலவீதியில் ஒரு ஊர்வலத்துக்காக நின்றபோது, “அம்மா, உங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சா? நான் ஜாஸ்தியா பேசிட்டேனா?” என்றாள்.

எங்களுக்கு ஒரு மகள் இருந்ததை அவளிடம் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டி நிற்கும் இடத்தில், ஒரு பூக்காரப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்று மட்டும் சொன்னேன். கிள்ளைப் பெண்ணுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. “கெடைக்கலியாம்மா?” என்று கேட்டாள். தலையை ஆட்டினேன்.

“நான் பொய்னு சொல்லிட்டேனே.”

“சரியாத்தான் சொன்ன. அவரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாரு. ஒரு வேப்பமரம் வைக்க உடமாட்டாரும்மா அவரு.”

“அந்தப் பக்கம் இருக்கட்டும்மா. எடுக்க வேணாம். நான் சார்ட்ட சொல்லிடறேன்.” அவள் அழ ஆரம்பித்தாள். பூக்காரப் பெண் என்னை முறைத்தாள், நான் ஏதோ திட்டிவிட்டேன் என்று.

பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. புதுச்சத்திரம் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. ஷட்டரை இறக்கினார்கள். உள்ளே இருட்டாகிவிட்டது.

மதிலோரத்தில் கை உடைந்த சிலுவையுள்ள அந்தச் சின்னக் கல்லறை நாவலில் மட்டும் இருப்பதல்ல. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு முன்பு எல்லோரும் அவரவர் வீட்டுக் கல்லறையைச் சுத்தம் செய்து வெள்ளையடிப்போம். சுண்ணாம்பு மீந்தால் அதை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போகிற வழக்கம் இல்லை. பக்கத்தில் யாரும் கவனிக்காத கல்லறை ஏதாவது இருந்தால் அதற்கு அடித்துவிடுவார்கள். என் மாமனார் மாமியார் கல்லறைக்கு அடித்து முடித்ததும் அவர், “நீ போய் மெழுகுவத்தி வாங்கு, நான் வரேன்” என்பார். நான் திரும்பி வரும்போது அந்த மதிலோரம் குந்தியிருப்பார். நல்ல மனசு என்று நினைத்துக்கொள்வேன். அதற்கு மேல் நினைத்ததில்லை. கல்லறை இல்லாதவர்களுக்காக நடுவிலிருக்கும் பெரிய சிலுவையின் அடியில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அந்தப் பக்கமே நான் போகமாட்டேன்.

அவர் தேடிய நாட்களில் தினமும் “இல்ல பெலி” என்றாரே. ஒரு நாள் அது பொய்யாக இருந்திருந்தால்? ஒரு நாள் பார்த்துவிட்டு, நான் தாங்கமாட்டேன் என்று, ஒருவரிடமும் சொல்லாமல் அந்த மதிலோரம் கொண்டுவந்து வைத்திருந்தால்? எழுத்தில் பொய்யே ஆகாது என்றவர் வாழ்க்கையில் எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாவலில் அந்தத் தகப்பனும் மனைவிக்காகத்தான் வாயைத் திறக்காமல் இருந்தான்.

கடலூர் வரும்வரை ஜெனிட்டாவின் முகத்தை நினைக்கப் பார்த்தேன். ஆல்பத்தில் இருக்கும் முகம்தான் வந்தது. அந்தப் போட்டோவில் இல்லாத அவள் முகம் எனக்கு எப்போதோ மறந்துபோய்விட்டது என்பதும் அந்த பஸ்ஸில்தான் தெரிந்தது.

மறுநாள் காலை கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். திருநாள் நெருங்கியதால் அங்கங்கே புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டி, பொன்னுரங்கம் உட்கார்ந்திருந்தார். கல்லில் பெயர் வெட்டுகிறவர். அவருடைய இரண்டு பிள்ளைகளும் என்னிடம் படித்தவர்கள்.

“வாங்க டீச்சர். இந்த வருசம் சீக்கிரமே வந்துட்டீங்க. சார் கல்லுல எழுத்து மங்கிடுச்சா?”

“இல்ல பொன்னுரங்கம். அந்த மதிலோரத்துல ஒரு சின்னக் கல்லறை இருக்கே…”

“கை ஒடஞ்சதா?”

“அது யாருது?”

உளியைக் கீழே வைத்தார். “யாருக்குத் தெரியும்? எங்கப்பா இங்க கல்லு வெட்டுனப்பவே அது அப்புடித்தான் கெடந்துச்சு. எந்தக் காலத்துப் புள்ளையோ. பேரு கூட கெடையாது.”

“அதுல அப்புறமா யாரையாச்சும்… கடல் வந்த வருசம்…”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கடலூர்க்காரர். எதைக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

“இல்ல டீச்சர்” என்றார். குரல் இறங்கியிருந்தது. “இங்க குழி எடுத்தா எனக்குத் தெரியாம எடுக்க முடியாது. அத யாரும் தொட்டதே இல்ல. சார்தான் வருசா வருசம் சுண்ணாம்பு அடிப்பாரு. நான்கூட ஒரு தடவ கேட்டேன், யாரு வூட்டுப் புள்ள சார்னு. யாரு வூட்டுப் புள்ளையா இருந்தா என்னா பொன்னுரங்கம், புள்ளதானன்னாரு. அடிச்சி முடிச்சி ரொம்ப நேரம் குந்தியிருப்பாரு. ஒரு வாட்டி தோள்ல கை வெச்சேன். நீங்க மெழுகுவத்தியோட வர்றதப் பாத்துட்டு எழுந்து மூஞ்சியத் தொடச்சிக்கிட்டாரு.”

தார்ப்பாயின் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அங்கே இல்லை. அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. இத்தனை வருடம் அவள் எந்த இடத்திலும் இல்லை என்பதுதான் எனக்கு ஆறுதலாக இருந்து வந்தது. அன்று அதே பதிலை இன்னொருவர் வாயால் கேட்டேன். ஆறுதலாக இல்லை.

அவருக்கு ஒரு கல்லறை வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை. யாரோ ஒரு பிள்ளையின் கல்லறையை வருடத்தில் ஒரு காலைப்பொழுது இரவல் வாங்கிக்கொண்டார். அதுவும் போதாமல், யாரோ எழுதிய புத்தகத்தில் ஒரு பக்கம் இரவல் வாங்கிக்கொண்டார். எல்லாவற்றையும் எனக்குப் படித்துக் காட்டியவர் அந்த ஒரு பக்கத்தைத் தனியாக வைத்துக்கொண்டு அழுதிருக்கிறார். பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

“சார் பேருக்குக் கீழ எடமிருக்கா பொன்னுரங்கம்?”

“இருக்கு டீச்சர். நீங்க நல்லா இருக்கணும், உங்களுக்குன்னு உட்டு வெச்சது.”

“எனக்கு அப்புறம் பாத்துக்கலாம். அதுல ஒரு பேரு வெட்டணும்.”

அவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். கறுப்புக் கல்லின் மேல் கிடந்த இலையைத் தள்ளிவிட்டு, ஈரத்தைத் துண்டால் துடைத்தார். பெயரைச் சொன்னேன். எழுதினார். பிறந்த தேதியைச் சொன்னேன். எழுதினார். அதற்குப் பக்கத்தில் சாக்பீஸை வைத்துவிட்டு அப்படியே இருந்தார்.

“வேணாம்னா உட்டுடலாம் டீச்சர்” என்றார், என்னைப் பார்க்காமல். “அந்த வருசம் நெறைய பேரு அப்புடித்தான் உட்டாங்க. அசிங்கமா இருக்காது. ஒரு பூ மாதிரி வெட்டிக் குடுத்துடறேன்.”

பூவாக வெட்டுவதற்கு நானும் சம்மதித்திருக்கலாம். ஆனால் என் கணவர் எழுதிய வரி காதிலேயே நின்றது. அவன் அவளிடம் கேட்கமாட்டான்.

“கிறிஸ்துமஸுக்கு மறுநாள்” என்றேன். “வருசம் உங்களுக்கே தெரியும்.”

“தெரியும் டீச்சர்.”

அவர் எழுதி முடிக்கும்வரை நின்று பார்த்தேன். பிறகு அங்கேயே, ஈரப் புல்லில், என் கணவருடைய கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பொன்னுரங்கம் கொஞ்ச தூரம் தள்ளிப்போய் யாருடைய கல்லறையிலோ புல் பிடுங்குவதுபோல் திரும்பி நின்றுகொண்டார்.

எழிலனுக்குப் போன் செய்து அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

“அருள்மொழி இப்ப எடுக்கக் கூடாதுன்னு சண்ட போடறாம்மா. கட்டுரையையே மாத்தி எழுதிட்டா.”

“மொதல்ல எழுதுனதுதான் சரின்னு அவகிட்ட சொல்லுங்க. அந்தப் புத்தகத்துல அந்தப் பொம்பள காத்திருக்கா. அவ புள்ளைக்கு நாம கல்லறை கட்டக் கூடாது.”

“சார் எழுதுனதும்மா. அப்படியே போயிடுமே.”

“போவாது. அது எங்க வூட்டுது தம்பி. நான் எடுத்துக்கறேன்.”

அந்த வருடம் பெயர் கொடுக்கும்போது அவர் பெயருக்கு அடுத்ததாக அவள் பெயரைக் கொடுத்தேன். சாமியார் வாசித்தார், எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், வாசிப்பு அடுத்த குடும்பத்துக்குப் போய்விட்டது. அவ்வளவுதான் நேரம் எடுத்தது.

அதற்கு முன்தினம் நானே சுண்ணாம்பு ஊறவைத்து, கொஞ்சம் நீலம் கலந்து எடுத்துப் போயிருந்தேன். அவர்தான் எப்போதும் கலப்பார், எனக்கு அளவு தெரியவில்லை. கல்லறையின் நாலு பக்கமும் அடித்த பிறகும் பாதி வாளி இருந்தது. தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு மதிலோரம் போனேன். புல் மண்டியிருந்தது. அவர் போன பிறகு அதற்கு யாரும் அடிக்கவில்லை. மழையில் பாசி பிடித்திருந்தது, பாசி என்றால் எங்கள் ஊர்ப் பாசி. தேங்காய் நாரால் அதைத் தேய்த்து எடுத்தேன். மேலிருந்து கீழாகப் பூசினேன். உடைந்த கைக்கும் பூசினேன்.